அப்பாவுக்காக வந்து நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய் நன்றி சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அல்சூரில் தொடங்கி காவிரிக் கரையில் இருக்கும் முத்தத்தி வரை இருக்கிறீர்கள், எல்லோரையும் பார்க்க நாளாகும். அதனால் முதலில் இந்த மடல்.

பிளேட்லெட் வேண்டும் என்றதும் நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை நண்பர்களின் பிள்ளைகளுக்கும், எங்கள் அடுப்பைப் பற்ற வைக்கவே விடாத கீழ்வீட்டு அக்காவுக்கும், கல்பள்ளி மயானத்து வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுச் செய்த சித்தப்பாவுக்கும் நன்றி. சித்தப்பா இதைப் படித்தால் திட்டுவார், பரவாயில்லை.

அன்று காலை எங்களைத் திகைக்க வைத்தவர்கள், காவிரிக் கரையிலிருந்து வேன் பிடித்து வந்த, காட்டைக் காவல் காக்கும் வாட்சர் அண்ணன்கள். அப்பா சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கனகபுரா பஸ் ஏறிவிடுவார் என்பது எங்களுக்குத் தெரியும். அங்கே போய் என்ன செய்தார் என்பது, நீங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பாதி கன்னடமும் பாதி தமிழுமாகச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் நாங்கள் பார்த்த அப்பா வேறு. தெருவே அவரை மீன்காரர் என்று கூப்பிடும், ஆனால் வீட்டுக்கு ஒரு மீன்கூட வந்ததில்லை. வெள்ளிக்கிழமை இரவில் அம்மா ராகி மாவைக் கெட்டியாகக் கிண்டி, எலுமிச்சை அளவில் உருண்டை பிடித்துக் கொடுப்பார். "பெத்த பிள்ளைக்குக்கூட இப்படிப் பார்த்துப் பார்த்து உருட்டினதில்லை" என்ற புலம்பலும் கூடவே வரும். அந்த உருண்டையைத் தூண்டிலில் வைத்து மஹசீர் என்ற பெரிய ஆற்று மீனைப் பிடிப்பார். எடை பார்த்து நோட்டில் எழுதுவார். அப்புறம் அது தெம்பாகித் தானே நழுவிப் போகும்வரை தண்ணீரில் தாங்கிப் பிடித்திருப்பாராம்.

2012 வாக்கில், தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று காவிரி வனவிலங்குச் சரணாலயத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். அப்பா சட்டத்தை மீறவில்லை. ஆனால் மீன்பிடி முகாம்கள் போனதில் ஆற்றைக் கவனிக்க ஆள் குறைந்துவிட்டது, வெடி போட்டு மீன் பிடிக்கிறவனுக்கு வசதியாகிவிட்டது என்று கடைசிவரை வாதாடினார். எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. தூண்டில் பரணுக்குப் போன பிறகும் பஸ் ஏறுவதை அவர் விடவில்லை. "நீர்மருது மரத்தில் சாம்பல் அணில் பார்த்தேன்" என்பதோடு எங்களிடம் பேச்சை முடித்துக்கொள்வார். வாட்சர் அண்ணன்களே, அவர் உங்களுக்குக் கொடுத்த மழைக்கோட்டு, டார்ச், உங்கள் பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் எல்லாம் நீங்கள் சொல்லித்தான் வெளியே வந்தன. பி.எப். பணம் எங்கே கரைகிறது என்று அம்மா பல வருடமாகக் கேட்ட கேள்விக்கும் பதில் கிடைத்தது.

மாலைக்குப் பதிலாக நீங்கள் எல்லோரும் கொடுத்த பணத்தில் வாட்சர்களுக்கு மழைக்கோட்டும் பூட்ஸும் வாங்கிக் கொடுத்தாயிற்று.

அப்பாவின் நோட்டுகளை வாங்கிப் போய், பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து பத்திரமாகத் திருப்பித் தந்த ஆராய்ச்சி மாணவிக்குத் தனி நன்றி. நாங்கள் அவற்றைப் பழைய பேப்பர் கணக்கில்தான் வைத்திருந்தோம். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹசீர் பெருக, காவிரியின் சொந்த மீனான திமில் மஹசீர் அருகிப் போனது இப்படித் தூண்டில்காரர்கள் எழுதிவைத்த பதிவுகளிலிருந்தும் தெரியவந்தது என்று அந்தப் பெண்தான் விளக்கினார். 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடிய மீன் அது. 2018-ல் ஐ.யு.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களோடு அதைச் சேர்த்தார்கள். அப்பாவின் கடைசி நோட்டுகளிலும் 'திமில்' என்ற குறிப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நோட்டுகள் வீட்டில்தான் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். மதியம் மட்டும் வேண்டாம், அம்மா தூங்குவார். அப்பா இருக்கும் போட்டோ யாரிடமாவது இருந்தால் எடுத்து வாருங்கள். மீனை மட்டுமே எடுத்த போட்டோதான் எங்களிடம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
அம்மாவும் பிள்ளைகளும்
அல்சூர், பெங்களூரு