மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு திறந்த மடல்

பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பி.டி. பீரியடில் உயரமான பத்துப் பேர் கூடைப்பந்து ஆடுகிறார்கள். மிச்சப் பேர் மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். என் மகளும் அந்த மரத்தடியில்தான் இருக்கிறாள். ஒரு வகுப்பையே ஆட வைப்பதற்காகப் பிறந்த ஆட்டம் இது என்பதால்தான் மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

1891 டிசம்பர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. குளிரில் வெளியே ஆட வழியில்லை. உள்ளே தினமும் அதே உடற்பயிற்சி; வெறுத்துப்போன 18 மாணவர்கள் யாருக்கும் அடங்கவில்லை. அங்கே ஆசிரியராக இருந்த கனடாக்காரர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் தலையில் அந்த வகுப்பு விழுந்தது. வெளியே ஆடும் ஆட்டங்களை உள்ளே ஆடவிட்டுப் பார்த்தார்; அடிபட்டதுதான் மிச்சம். பந்தோடு ஓடுவதால்தானே இடித்துத் தள்ளுகிறார்கள்? சரி, ஓடவே கூடாது என்று வைத்தார். இலக்கு தலைக்கு மேலே போய்விட்டால் முரட்டு பலம் உதவாது, குறி பார்த்து மெதுவாக எறிந்தாக வேண்டும். இரண்டு பீச் பழக்கூடைகள் பத்தடி உயரத்தில் மாடிக் கைப்பிடியில் ஏறின. 13 விதிகள், பக்கத்துக்கு 9 பேர், ஒரு கால்பந்து. முதல் ஆட்டம் 1-0 என்று முடிந்தது.

பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடும் டிரிபிள் அப்போது கிடையாது. பிடித்த இடத்திலிருந்தே பந்தை எறிய வேண்டும். கெட்டிக்காரன் ஒருவனே பந்தோடு சுற்ற முடியாது. பாஸ் கொடுத்தே ஆக வேண்டும். இடத்தைப் பொறுத்துப் பக்கத்துக்கு 3 பேர் முதல் 40 பேர் வரை ஆடலாம் என்று நெய்ஸ்மித்தே எழுதினார். ஐவர் அணி பிற்பாடு வந்த ஏற்பாடுதான்.

அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை செண்டா பெரென்சன் இதை மாணவிகளிடம் கொண்டுபோனார். களத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியிலேயே ஆட வைத்தார். ஓரிருவரே ஆட்டத்தை ஆக்கிரமிப்பது அவருக்குப் பிடிக்காது.

சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கிய ஹாரி குரோ பக், அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். உங்களில் பலர் அந்தச் சென்னைக் கல்லூரியில் பயின்றவர்கள்தானே.

போட்டிக்கு அணி தயாராக வேண்டும் என்ற நெருக்கடி எனக்கும் புரிகிறது. அந்தப் பயிற்சி மாலையில் நடக்கட்டும். வாரத்தில் ஒரு பீரியட் மட்டும் டிரிபிளை நிறுத்திவிட்டு, வகுப்பை இரண்டாகப் பிரித்து, எல்லோரையும் களத்தில் இறக்குங்கள். இடம் போதாவிட்டால் பெரென்சன் செய்ததுபோல் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளலாம். வரும் பருவத்திலேயே தொடங்குங்கள்.

அன்புடன்,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா