ஆரக்காலும் வட்டையும் எடுத்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கிராமத்தைப் பற்றி, இங்கிலாந்தின் கிழக்கே உள்ள சஃபோக் மாவட்டத்துக் கிராமம் அது, நான் எழுதிய சிறு தமிழ்ப் புத்தகம் போன வாரம் அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி நீங்கள் கொடுத்தது. முன்னுரையின் ஒரு பக்கத்தில் அதைச் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, இப்ஸ்விச்சில் சஃபோக் ஆவணக் காப்பகத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த அம்மையாருக்கு. 1911 ஏப்ரல் 2ஆம் தேதி எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் படிவங்களோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தொழில் என்ற இடத்தில் பல வீடுகளில் 'ஹார்ஸ்மேன்' என்று இருந்தது. பெரிய மனிதர் வீட்டு லாயத்தில் வேலை பார்த்தவர்கள் என்று நினைத்து ஒரு அத்தியாயமே எழுதிவிட்டேன். "இந்தப் பக்கத்தில் ஹார்ஸ்மேன் என்றால் குதிரை பூட்டி ஏர் ஓட்டுகிறவர்" என்று அவர் திருத்தினார். தெற்கு மாவட்டங்களில் அதே ஆளைக் கார்ட்டர் என்பார்களாம், யார்க்‌ஷயரில் வேகனர். அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

இன்னொன்றையும் அவர்தான் காட்டினார். அந்த வருஷத்துப் படிவங்களை வீட்டுத் தலைவர்களே தங்கள் கையால் எழுதியிருக்கிறார்கள். மணமான பெண்களுக்கு மட்டும் சில கேள்விகள் உண்டு: பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை. மனைவியை இழந்த ஆண்கள் அதை நிரப்ப வேண்டியதில்லை. ஆனாலும் சிலர் நிரப்பியிருக்கிறார்கள். கணக்கெடுத்தவர்கள் அதன் மேல் கோடு போட்டு அடித்திருக்கிறார்கள். கோட்டுக்கு அடியில் அந்த எண்கள் இன்றும் தெரிகின்றன. அதைக் காட்டிவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. புத்தகத்தை எப்படி எழுத வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் பிடிபட்டது.

அப்புறம், தொண்ணூறைத் தாண்டிய அந்தப் பாட்டிக்கு. நாலு ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு எனக்காக உட்கார்ந்தவர். அவருடைய அப்பா பதின்மூன்று வயதில் பண்ணைக்குப் போனவர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து குதிரைகளுக்குத் தீவனம் வைக்க வேண்டும். தின்றது செரிக்க இரண்டு மணி நேரம் விட வேண்டும். ஆறரைக்கு லாயத்திலிருந்து கிளம்பும்போது தலைமை ஹார்ஸ்மேன்தான் முன்னால் போவார். மற்றவர்கள் அவரவர் வரிசைப்படி பின்னால். ஒரு நாளைக்கு ஒரு ஏக்கர் என்பது கணக்கு. ஒன்பது அங்குல அகலச் சாலாக ஒரு ஏக்கரை உழுது முடிக்க 11 மைல் நடக்க வேண்டும். கனத்த களிமண், கையில் கலப்பையின் மேழி. அந்த ஊர்ச் சஃபோக் பஞ்ச் குதிரைகள் செந்நிறமானவை, கனத்த உடம்பு. காலில் மற்ற வண்டிக் குதிரைகளைப் போல நீண்ட மயிர் கிடையாது, அதனால் சேறு அப்பிக்கொள்ளாது என்று பாட்டி தன் கணுக்காலைத் தொட்டுக் காட்டினார். 1914 ஆகஸ்டில் ராணுவம் பண்ணைகளிலிருந்து குதிரைகளை எடுத்துக்கொண்டு போனதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது. அப்பாவுக்கு அப்போது பதினாலு வயது.

வீடும் பண்ணைக்காரருடையதுதான். வேலை போனால் வீடும் போச்சு. கூலி வாரத்துக்குப் பதினைந்து ஷில்லிங் அளவில் இருந்த ஊரில், 1909 ஜனவரி 1 முதல் எழுபது வயதானவர்களுக்குத் தபால் நிலையத்தில் வாரம் ஐந்து ஷில்லிங் ஓய்வூதியம் கொடுக்க ஆரம்பித்தார்கள். பாட்டியின் கொள்ளுப்பாட்டி அந்தப் பணத்தை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்த கதையை அப்படியே சேர்த்திருக்கிறேன்.

தேவாலயத்துச் சாவி வைத்திருந்த ஐயா, மழையில் வந்து கதவைத் திறந்து மணிக்கூண்டைக் காட்டினீர்கள். அறுவடை முடிந்த வயலில் பெண்களும் பிள்ளைகளும் கதிர் பொறுக்கப் போகலாம் என்று காலையில் அந்த மணி ஒலிக்குமாம். வயலில் கடைசியாக நிறுத்திவைத்த கதிர்க்கட்டுக்குப் 'போலீஸ்காரர்' என்று பெயர், அதை எடுக்கும்வரை யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு என் மகள் அத்தனை சந்தோஷப்பட்டாள். புத்தகத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இனி, சக்கரம். இதற்குத்தான் நான் ரொம்பவும் கடன்பட்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற வண்டித் தச்சர் ஒருவர் எனக்காகவே ஒரு சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றிக் காட்டினார். சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடத்துக்கு எல்ம் மரம். அதன் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சுற்றிலும் துளை போட்டாலும் பிளக்காது. குடத்திலிருந்து விளிம்புக்குப் போகும் ஆரக்காலுக்கு ஓக், பாரத்தை அதுதான் தாங்கும். விளிம்பாகச் சுற்றி வரும் வட்டைக்கு ஆஷ், அது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சின்னதாகவே செய்கிறார்கள். நெருப்பு வளையத்தில் போட்டால் அது விரிகிறது. மூன்று பேர் நீண்ட குறடுகளால் தூக்கி வந்து மரத்தின் மேல் இறக்கினார்கள். மரம் பற்றி எரிந்தது, புகை கண்ணை அடைத்தது, உடனே தண்ணீரைக் கொட்டினார்கள். இரும்பு சுருங்கச் சுருங்க, மூட்டுகள் எல்லாம் முனகிக்கொண்டே இறுகின. அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர ஆறு தடவை முயன்றேன். ஊரில் யார் இறந்தாலும் சவப்பெட்டி செய்து கொடுத்ததும் இதே பட்டறைதான் என்று, தணிந்துகொண்டிருந்த நெருப்பைப் பார்த்தபடி அவர் சொன்னார்.

இதையெல்லாம் தமிழில் எழுத உட்கார்ந்தால் சொல் இல்லை. அகராதி பார்த்து எழுதியது எனக்கே ஒட்டவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் வண்டி வேலை செய்த என் மாமாவுக்குப் போன் போட்டேன். "குடம், ஆரக்கால், வட்டை, பட்டை, கடையாணி. இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்றார். அவர் சொன்ன அந்த ஐந்து சொற்கள்தான் மூன்றாம் அத்தியாயத்தைத் தாங்கி நிற்கின்றன. மாமா, ராத்திரி பத்து மணிக்கெல்லாம் எழுப்பியதற்கு மன்னித்துவிடுங்கள்.

இப்ஸ்விச் ரான்சம்ஸ் கம்பெனி செய்த கலப்பைகளின் பழைய படங்களைக் கொடுத்தவருக்கும், பிழை திருத்திய தோழிக்கும், அச்சுச் செலவில் பாதியைச் சொல்லாமலே கட்டிவிட்ட என் தம்பிக்கும் நன்றி.

சனிக்கிழமை தச்சரிடம் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தமிழ் தெரியாத அவர் சக்கரம் வரைந்த பக்கத்தை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் என்னை வாசிக்கச் சொல்லி, விரலை அதன் மேல் வைத்துத் தானும் திருப்பிச் சொன்னார். 'ஆரக்கால்' மூன்றாவது தடவை சரியாக வந்தது. உடனே தன் பேரனைக் கூப்பிட்டு அவனையும் சொல்லவைத்தார்.