எதுவரைக்கும் என்று கேட்டபோதுதான் அமைதி வந்தது

ஆசிரியருக்கு வணக்கம்,

மன அமைதி பற்றி உங்கள் நாளிதழில் வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைப் படித்து வருகிறேன். தியானம், நடைப்பயிற்சி, போனைத் தள்ளி வைப்பது என்று ஒவ்வொருவரும் தங்களுக்கு உதவியதைச் சொல்கிறார்கள். எனக்கு உதவியது ஜெபம். ஆனால் சின்ன வயதிலிருந்து நான் பழகிய மாதிரி ஜெபம் இல்லை அது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. வீட்டில் தினமும் ஜெபம் நடத்துகிறவர் அவர்தான். அவருக்கு என் பெயரைச் சொல்லக்கூட வரவில்லை, சொல்ல முயன்று முடியாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். படுக்கைப்புண் வராமல் இருக்க இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இப்படியே மாதக்கணக்கில் போனது.

பார்க்க வந்தவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் "அழாதீங்க, நீங்கதான் சாட்சியா இருக்கணும்" என்றார்கள், "விசுவாசமா ஜெபம் பண்ணினா எழுந்து நடப்பார்" என்றார்கள். ஒருவர், வீட்டில் அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கச் சொன்னார். அன்று இரவு நான் ஜெபம் பண்ணவில்லை. அதற்கப்புறம் பல வாரங்கள் பண்ணவில்லை. பிறவிக் குருடனைப் பார்த்து இது யார் செய்த பாவம் என்று சீஷர்களும் இதையேதான் கேட்டார்கள், அவன் செய்த பாவமும் அல்ல, பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று இயேசு நேராகவே சொல்லிவிட்டார். யோவான் 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எனக்கு அது தெரியாததல்ல, ஆனால் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

ஒரு ராத்திரி தூக்கம் வராமல் வேதாகமத்தைச் சும்மா புரட்டியபோது அதில் உள்ள ஜெபப் பாடல்களில் ஒன்றான 13ஆம் சங்கீதம் கண்ணில் பட்டது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை "எதுவரைக்கும்" வருகிறது. நான் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வியை தாவீது ராஜா வாய்விட்டுக் கேட்டிருக்கிறார், அது ஜெபமாகவே எழுதி வைக்கப்பட்டும் இருக்கிறது! அன்றைக்கு என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகவே கேட்டேன், எதுவரைக்கும் ஆண்டவரே என்று. ரொம்ப நேரம் அழுதேன். அவரும் அழுதார். பதில் எதுவும் வரவில்லை, ஆனால் நான் பேசுவதை ஒருவர் கேட்கிறார் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மறுநாள் காலையில் நிலைமை அப்படியேதான் இருந்தது, நெஞ்சைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்த ஒன்று மட்டும் தளர்ந்திருந்தது.

அப்புறம்தான் தேடித் தேடிப் படித்தேன். 150 சங்கீதங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான் என்று வேதாகம அறிஞர்கள் சொல்கிறார்கள். 88ஆம் சங்கீதம் ஆறுதலில் முடியக்கூட இல்லை, "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிந்துவிடுகிறது. ஆராதனையில் இவற்றை நாம் எத்தனை தடவை வாசிக்கிறோம்?

கவலைப்படாதே என்று சொல்ல எல்லோரும் எடுப்பது பிலிப்பியருக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய நிருபத்தின், அதாவது கடிதத்தின், 4ஆம் அதிகாரம். எனக்கும் பிடித்த அதிகாரம்தான். ஆனால் அதைப் பவுல் எழுதியது காவலில் கட்டப்பட்டிருந்தபோது. அதே நிருபத்தில் இரண்டு அதிகாரம் முன்னால், தன் உடன் ஊழியர் எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டுச் சாகக் கிடந்ததைப் பற்றி எழுதும்போது, துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு வராதபடிக்குத் தேவன் எனக்கும் இரங்கினார் என்கிறார். ஒன்றுக்கும் கவலைப்படாதேயுங்கள் என்று எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. துக்கம் இருந்ததை அவர் மறைக்கவில்லை. இன்னொன்று, தேவசமாதானம் உங்கள் இருதயங்களைக் "காத்துக்கொள்ளும்" என்று அந்த 4ஆம் அதிகாரத்தில் வருகிற சொல், கிரேக்கத்தில் படைவீரர்கள் ஓர் ஊரைக் காவல் காப்பதற்குச் சொல்லும் சொல் என்று எங்கள் போதகர் விளக்கினார். வெளியே ஆபத்து இருந்தால்தானே காவல் வேண்டும். கஷ்டம் தீர்ந்தபிறகு வரப்போவது என்று நான் காத்துக்கொண்டிருந்த சமாதானம், கஷ்டத்துக்கு நடுவில் நிற்கிற காவல் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், எங்கள் சபையில் சிலருக்குப் பிடிக்காவிட்டாலும் சரி. நான் மனநல மருத்துவரிடமும் போனேன், ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டேன். அது விசுவாசக் குறைவு இல்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டான், எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான். கர்த்தர் பேசிய அந்த மெல்லிய சத்தம் எலியாவுக்குக் கேட்டது அதற்கெல்லாம் அப்புறம்தான், நாற்பது நாள் நடந்துபோன பிறகு.

எனக்கும் அப்படி ஒருவர் வந்தார். எங்கள் சபையில் ஒரு வயதான அக்கா, ஜெபக்கூட்டத்தில் அதிகம் பேசாதவர். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து, வசனம் எதுவும் சொல்லாமல், "நீ போய்ப் படு, நான் பாத்துக்கிறேன்" என்று என் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். நான் மூன்று மணி நேரம் தூங்கினேன். எழுந்து வந்து பார்த்தபோது என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். இப்போதும் செவ்வாய்க்கிழமைகளில் வருகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி