முகத்தை விட்டுக் கையைப் பார்த்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

போன வருடம் முழுக்க நான் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான்: "என்ன, முகம் நல்லா பூரிச்சுப் போயிருக்கு? உடம்பு தேறிடுச்சு போல!" தேறவில்லை. அது ஸ்டீராய்டு முகம். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்குக் கன்னத்தில் கொழுப்பு சேர்ந்து முகம் உருண்டுவிடும். கண்ணாடியைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பொறாமை வரும், யார் இந்தச் செழிப்பான பெண் என்று. கழுத்துக்குக் கீழே கதை வேறு. மணிக்கட்டும் விரல் கணுக்களும் வீங்கி, காலையில் நான்கு பொத்தான் போட இருபது நிமிடம் ஆகும்.

முகத்தைப் பார்த்து வாழ்த்தியவர்கள் மேல் கோபமில்லை. ஆனால் நீங்கள் சிலர் கையைப் பார்த்தீர்கள். இந்த மடல் உங்களுக்கு.

முதலில் டாக்டர், உங்களுக்கு. முடக்குவாதம், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய் என்று உறுதியானதும் 15 மில்லிகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தீர்கள். மூன்றாம் நாள் காலை விழித்தேன், விரல்கள் மடங்கின. முழுசாக, உள்ளங்கையைத் தொடும்வரை. அழுதுவிட்டேன். அடுத்த முறை வந்து "இதையே வாழ்நாள் முழுக்கக் கொடுங்கள்" என்று கேட்டதும் நீங்கள் சிரித்துவிட்டு ஒரு கதை சொன்னீர்கள். 1948-இல் அமெரிக்காவில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், நடக்க முடியாமல் கிடந்த ஒரு முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார், சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார், 1950-இல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. "அதுக்குள்ள பக்கவிளைவும் தெரிய ஆரம்பிச்சாச்சு" என்று முடித்தீர்கள். எலும்பு மெலிவது, சர்க்கரை ஏறுவது, கிருமித் தொற்று, கண்புரை என்று பட்டியலும் கொடுத்தீர்கள். நோயையே அடக்கும் மருந்தான மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யத் தொடங்கவே பல வாரம் ஆகும், அதுவரை ஆற்றைக் கடக்க ஸ்டீராய்டு ஒரு பாலம், பாலத்தின் மேலேயே யாரும் வீடு கட்டுவதில்லை என்றும் சொன்னீர்கள். அன்று எரிச்சலாக இருந்தது.

டோஸைக் குறைக்கக் குறைக்க வலி திரும்பியது. 5 மில்லிகிராமுக்கு வந்தபோது மூட்டு வீங்கிச் சூடாகும் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆரும் சி.ஆர்.பியும் நன்றாகவே இருந்தன, மணிக்கட்டு மட்டும் விடவில்லை. "ரிப்போர்ட் நார்மல்" என்று சொல்லி என்னை அனுப்பியிருக்கலாம். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கிப் பார்த்தீர்கள். காலையில் விறைப்பு எவ்வளவு நேரம், அசைத்தால் குறைகிறதா கூடுகிறதா, இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறேன் என்று கேட்டீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்து, அசைக்க அசைக்க இளகினால் பெரும்பாலும் அழற்சி, அதற்கு மருந்தை மாற்றிப் பார்க்கலாம். அழற்சி அடங்கிய பிறகும் வலி தங்கிவிடலாம், காரணம் தேய்ந்த மூட்டு, சோம்பிப்போன தசை, தூக்கமில்லாமல் கூர்மையாகிவிட்ட நரம்பு, அதற்கு ஸ்டீராய்டை ஏற்றிப் பயனில்லை. "டெஸ்ட் நார்மல்தான், உங்க வலியும் உண்மைதான், ரெண்டும் ஒண்ணா இருக்கலாம்." இந்த ஒரு வாக்கியத்துக்காகவே உங்களுக்கு ஆயுளுக்கும் நன்றி.

ரத்தம் எடுத்த சிஸ்டர், ஊசியைக் குத்துவதற்கு முன்னால் "மாத்திரையை எப்போ போடறீங்க?" என்று கேட்டீர்களே, அதுவரை யாருக்கும் தோன்றாத கேள்வி. நான் இரவில் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு எழுந்து அலமாரி துடைப்பேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் தானாக ஏறுவதும் காலையில்தான் என்றீர்கள். அந்த வாரமே தூக்கம் திரும்பியது. அலமாரிதான் மறுபடி தூசி படிந்துவிட்டது.

மருந்துக் கடைத் தம்பி, வலி தாங்காமல் நானாகவே ஒரு வலி மாத்திரை கேட்டபோது விற்றுவிட்டுப் போயிருக்கலாம். ஸ்டீராய்டோடு சேர்த்தால் வயிற்றுப் புண் வரும் வாய்ப்பு கூடும், டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினீர்கள். அன்று முறைத்ததற்கு மன்னிக்கவும்.

அண்ணி, உங்களுக்கு எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. "அது விஷம், நிறுத்து" என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டு, யாருக்கும் சொல்லாமல் நான் மாத்திரையை நிறுத்தினேன். தப்பு முழுக்க என்னுடையது. அப்போது ஐந்து மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் எழுந்து நின்றால் கண் இருட்டியது, வாந்தி, கை கால் துணியாகத் துவண்டது. ஏதோ ஒவ்வாமை என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் என் மாத்திரை அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து எண்ணினீர்கள். "நாலு கூடுதலா இருக்கே?" அவ்வளவுதான். ஒரு திட்டு இல்லை. அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

பிறகுதான் விளங்கியது. உடம்பு ஒரு நாளில் தானே சுரக்கும் கார்ட்டிசால், ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்குச் சமம். வெளியிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் அதைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி வேலையை விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடும். சட்டென்று நிறுத்தினால் வெளியிலிருந்தும் இல்லை, உள்ளிருந்தும் இல்லை. அதனால்தான் டாக்டர் சொல்கிறபடி மெல்ல மெல்லக் குறைப்பது. காத்திருக்கும் வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரே, "ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன்" என்று எழுதிய சீட்டைப் பணப்பையில் வைக்கச் சொன்னீர்கள். இப்போது என் பையிலும் ஒன்று இருக்கிறது.

பிசியோதெரபி பெண்ணுக்கும், என் வேகத்துக்குத் தட்டச்சைப் பங்கு போட்டுக்கொண்ட அலுவலகத் தோழிகளுக்கும் நன்றி. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள், தினமும் போட்டால் ஆபத்து என்று தெரிந்ததும் நாள்காட்டியில் வாராவாரம் சிவப்பு வட்டம் போட்ட என் மகளுக்கு முத்தம். அதன் பக்கவிளைவைக் குறைக்கும் ஃபோலிக் அமிலத்துக்குப் பச்சை வட்டம். மறந்து நான் அந்தப் பக்கம் போனால் "அம்மா, இன்னைக்கு சிவப்பா பச்சையா?" என்று தேர்வு வேறு.

கடைசியாக வீட்டுக்காரர். பல மாதம் எனக்குத் தெரியவே இல்லை. ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன், சமையலறையில் நின்று ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து, மூடியை லேசாக வைத்துக்கொண்டிருந்தார். காலையில் எல்லாம் சுலபமாகத் திறந்ததும் கை தேறிவருகிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்! கேட்டதற்கு, "சும்மா, எறும்பு வந்திருக்கான்னு பார்த்தேன்" என்றார்.

இப்போது 3 மில்லிகிராமில் இருக்கிறேன். முகம் பழைய அளவுக்கு இறங்கிவருகிறது, "ஏன் இப்படி இளைச்சுட்டே?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வலி சில காலைகளில் வரும், சில காலைகளில் வராது. இந்த மடலை எழுத நான்கு நாள் ஆனது. நேற்று ஒரு பாட்டிலை நானே இறுக்கி மூடி, நானே திறந்தும் பார்த்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. எறும்பு பார்க்கும் வேலையை அவர் கொஞ்ச நாள் தொடரட்டும்.