கிளினிக் கொப்பியில் பழைய விலாசம்

ஆசிரியர் அவர்கட்கு,

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக உங்கள் பத்திரிகையில் கொரோனாக் காலத்தைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடக்கிறது. 2021இல் நாட்டை இரண்டு மூன்று கிழமை முந்தி மூடியிருந்தால் எத்தனையோ உயிர் தப்பியிருக்கும் என்று ஒருவர் எழுதினார். மூடி மூடித்தான் அடுத்த வருடம் நாடு வங்குரோத்தானது என்று மற்றவர் பதில் எழுதினார். இரண்டு பேரும் விஷயம் தெரிந்தவர்கள். நான் 31 வருடம் தபால் பை சுமந்தவன். சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி என்று திருகோணமலைக்கு வடக்கே கடலோரமாகப் போகிற வீதியில்தான் என் சைக்கிள் தேய்ந்தது. 60 வயதில் ஓய்வு என்று சட்டம் மாறி, 2022 டிசம்பர் 31 அன்று ஆயிரக்கணக்கான அரச ஊழியர் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். மூடியதையும் திறந்ததையும் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. நான் மாத்திரைப் பொதியைப் பற்றி எழுதுகிறேன்.

2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டார்கள். கிளினிக்குகள் நின்றன. பிரஷர், சீனி, இருதயம், தைரொயிட் என்று மாதம் மாதம் போய் மருந்து எடுத்த சனங்களுக்கு அந்த மருந்தை வீட்டுக்கே தபாலில் அனுப்புவது என்று சுகாதார அமைச்சும் தபால் திணைக்களமும் சேர்ந்து முடிவெடுத்தன. நல்ல முடிவு. அந்த அரசாங்கத்தைத் திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். காக்கித் தாள் பொதிகள் கந்தோருக்கு வந்து குவிந்தன. ஊரே அடங்கிக் கிடக்க, சோதனைச் சாவடியில் பாஸ் காட்டிவிட்டு நான் மட்டும் மணி அடித்துக்கொண்டு போவேன். கடிதம் கொண்டுபோன காலத்தில் படலையடியில் யாரும் காத்திருந்ததில்லை. அந்த ஏப்ரலில் காத்திருந்தார்கள்.

முதல் பிரச்சினை விலாசம். கிளினிக் கொப்பியில் என்ன விலாசம் இருக்கிறதோ அதுதான் பொதியிலும் இருக்கும். எங்கள் பக்கத்தில் 2004 சுனாமிக்கு முன்னர் கடற்கரையில் இருந்த சனம் பிறகு உள்ளே வீட்டுத்திட்டங்களுக்குப் போய்விட்டது. கொப்பியிலோ கடற்கரை விலாசம் அப்படியே இருந்தது. சிலருக்கு அதற்கும் முந்தின, சண்டைக் காலத்து விலாசம். நோயாளி கொப்பியைத் தூக்கிக்கொண்டு நேரே வரும்வரை அதில் யாருக்கும் நட்டமில்லை. பொதி நோயாளியைத் தேடிப் போக வேண்டி வந்தபோதுதான் விஷயம் வெளித்தது. எனக்கு ஆட்களைத் தெரியும், அதனால் கொண்டுபோய்ச் சேர்த்தேன். என் இடத்தில் புதிதாக வந்த ஒரு பொடியன் இருந்திருந்தால் பாதிப் பொதி திரும்பிப் போயிருக்கும். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

அடுத்தது எழுத்து. சின்ன வெள்ளைக் கவர்களில் மருந்தின் பெயர் ஆங்கிலத்தில், எப்படிப் போடுவது என்பது சிங்களத்தில், சிலதில் வெறும் கோடும் புள்ளியும். ‘தம்பி, இது காலையிலயா இரவிலயா?’ என்று கேட்ட கிழவிமார் எத்தனை பேர்! எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். வாசித்துச் சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னேனா என்று இரவு நித்திரை வராமல் கிடந்ததும் உண்டு. தபாற்காரன் செய்கிற வேலையா அது? எந்த வைத்தியசாலையின் கவர் என்று எழுதப் போவதில்லை. அங்கே பொதி கட்டியவர்களும் இரவு பகலாக நின்று கட்டியவர்கள்தான்.

மூன்றாவது, தபாலில் போக முடியாத மருந்து. இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் என் பைக்குள் கையை விட்டால் சுடும். அதனால் குளிசை வந்தது, ஊசி மருந்து வரவில்லை. என் அக்கா பாலையூற்றில் இருந்தவள். 20 வருடமாகச் சீனி, காலையும் மாலையும் மிக்ஸ்டாட் என்ற இன்சுலின் ஊசி போடுகிறவள். என்னிடம் பாஸ் இருந்தது, சைக்கிள் இருந்தது. பிளாஸ்கில் ஐஸ் கட்டி போட்டுக்கொண்டு டவுனுக்குப் போய் அவளுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தேன். அவளிடம் பிரிட்ஜ் இல்லை, மண் முட்டிக்குள் ஈர மணல் போட்டு அதற்குள் வைப்பாள். அதே வருடம் நவம்பரில் கொரோனாவை விரட்ட சுகாதார அமைச்சர் மந்திரித்த முட்டியை ஆற்றில் விட்ட படத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு, ‘எங்கட முட்டி பரவாயில்லை போல’ என்று சிரித்தாள். டிசம்பரில், கொரோனாவுக்கு மருந்து என்று கேகாலையில் ஒருவர் செய்து கொடுத்த பாணி வந்தது. அமைச்சர் அதையும் குடித்தார், ஜனவரியில் அவருக்கே தொற்று வந்தது. அதைப் பற்றி எல்லோரும் சிரித்தாயிற்று, விடுவோம்.

சிரிக்க முடியாத ஒன்று உடல் எரிப்பு. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், 2020 ஏப்ரலில் வர்த்தமானி போட்டு, கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அதை மாற்றினார்கள், அப்புறம் மட்டக்களப்புப் பக்கம் ஓட்டமாவடியில் புதைக்க இடம் கொடுத்தார்கள். 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கேட்டது. இதை முஸ்லிம் சனங்களின் சமயப் பிரச்சினை என்று மட்டும் பார்ப்பவர்கள் இறக்கக்கண்டியில் ஒரு வாரம் தபால் கொடுத்திருக்க வேண்டும். மூச்சு இழுத்துக்கொண்டு திண்ணையில் இருந்த ஒரு மூத்த உம்மாவிடம் ஆசுபத்திரிக்குப் போகச் சொன்னேன். ‘போனா மையித்தையும் தரமாட்டாங்க மகன்’ என்றார், செத்த உடலைத்தான் அப்படிச் சொன்னார். காய்ச்சலை மறைத்தார்கள், இருமலை மறைத்தார்கள். அந்தப் பயம் எங்கள் ஆட்களிடமும் தொற்றியது. ஆசுபத்திரி என்றால் முகம் பார்க்காமல் பெட்டியில் போவது என்று ஊர் முழுக்க ஒரு நினைப்பு.

சரி, 2021க்கு வருகிறேன். சித்திரைப் புது வருடம் முடிந்து மூன்றாவது அலை, பிறகு டெல்டா. ஓகஸ்ட் 16 அன்று சுகாதார அமைச்சரை மாற்றினார்கள். வைத்தியர்களின் சங்கங்கள் மூடு மூடு என்று கேட்டுக்கொண்டிருந்தன. 20ஆம் திகதி இரவு 10 மணிக்கு மூடினார்கள். இரண்டு நாளில் இந்தியக் கடற்படைக் கப்பல் ஒன்று 100 தொன் திரவ ஒட்சிசனைக் கொழும்பில் இறக்கியது. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அந்த மாதத்தில் அயலவர் ஒருவரைக் கொண்டுபோய் விட வைத்தியசாலை வாசலுக்குப் போயிருந்தேன். நடைபாதையில் கட்டில், கட்டில் இல்லாதவர்களுக்குப் பிளாஸ்டிக் கதிரை. ஒரு சிற்றூழியர் ஒட்சிசன் சிலிண்டரைச் சரித்து உருட்டிக்கொண்டு ஓடுகிறார், திரும்பி வருகிறார், அடுத்ததை உருட்டுகிறார். நான் நின்ற அரை மணித்தியாலத்தில் அவர் உட்காரவில்லை. அப்போது ஒன்றைக் கவனித்தேன். மாதம் மாதம் நாங்கள் கிளினிக்குக்கு வரிசையில் இருக்கும் மண்டபத்தில் வாங்குகளை ஒதுக்கிவிட்டு, காய்ச்சல்காரரை இருத்தியிருந்தார்கள். கிளினிக்கில் பெயர் கூப்பிடும் மிஸ், உறை போட்டு அந்தப் பக்கம் நின்றார். வேறென்ன செய்வது? அதே கட்டடம், அதே ஆட்கள். ஒரு நோயைப் பார்க்க எல்லோரையும் இழுத்தால் மற்ற நோய் எல்லாம் வீட்டில் இருந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் சீனிக்கும் பிரஷருக்கும் அது தெரியாதே.

அந்த நாட்களில் எனக்கும் தொற்று வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வாசலில் அறிவித்தல் ஒட்டினார், 14 நாள். பாஸும் சைக்கிளும் சும்மா கிடந்தன. அக்காவிடம் போனில் கேட்டேன், மருந்து இருக்கிறதா என்று. இருக்கு, இருக்கு என்றாள். இருந்தது, எப்படி இருந்தது என்றால் இரண்டு நேரம் போடுவதை ஒரு நேரமாக்கி இருந்தது. காலில் ஒரு காயம் வேறு. மருமகள் ஆசுபத்திரிக்குக் கூப்பிட்டிருக்கிறாள், ‘போனா திரும்ப மாட்டன்’ என்று மறுத்துவிட்டாள். செப்டெம்பர் முதல் கிழமையில் ஒரு விடியற்காலை போய்விட்டாள். 67 வயது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வீட்டில் இறந்ததால் உடலில் பரிசோதனை செய்தார்கள். முடிவு வரும்வரை நாங்கள் எல்லோரும் கோணேசரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம், தொற்று என்று வரக்கூடாதே என்று. இல்லை என்று வந்தது. எங்களுக்கு ஒரு பெரிய நிம்மதி, உண்மையைச் சொன்னால் சந்தோசம் என்றே சொல்ல வேண்டும். வீட்டுக்குள் வைத்து, முகம் பார்த்து, வாய்க்கரிசி போட்டு எடுத்தோம். நாலைந்து மாதம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு நாங்கள் சந்தோசப்பட்ட அந்தக் காகிதத்தால்தான் அவள் எந்தக் கணக்கிலும் இல்லை.

நாட்டில் கொரோனாவால் இறந்தவர்கள் என்று அரசாங்கம் சொல்லும் தொகை 16,800க்கு மேல். உங்கள் இரண்டு கட்டுரையாளர்களும் அந்தத் தொகையை வைத்துத்தான் சண்டை பிடிக்கிறார்கள், முந்தி மூடியிருந்தால் குறைந்திருக்குமா என்று. என் அக்கா அதில் இல்லை. என் வீதியில் அந்த இரண்டு வருடத்தில் கிளினிக் தவறி இறந்தவர்கள் இன்னும் மூன்று பேரை எனக்குத் தெரியும். ஓய்வூதியமும் காசுக் கட்டளையும் கொண்டுபோனவனுக்கு யார் வீட்டில் யார் இல்லை என்பது தெரியாமல் போகாது. அவர்களும் அதில் இல்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. எப்படி இறந்தாலும் இறப்புப் பதிவாளரிடம் போய்த்தான் ஆக வேண்டும். 2018, 2019இல் திருகோணமலை மாவட்டத்தில் மாதத்துக்கு எத்தனை பேர் இறந்தார்கள், 2020, 2021இல் எத்தனை, அதில் கொரோனா என்று எழுதியது எத்தனை. பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் இருக்கிற பதிவுகள்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாவட்ட வாரியாகப் பத்திரிகையில் போடுங்கள். அதைப் பார்த்த பிறகு மூடியது சரியா பிழையா என்று வாதாடலாம்.

தடுப்பூசி விஷயத்திலும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களை முதலில் முடிக்காமல் மேல் மாகாணத்தில் 30 வயதுக்காரருக்குப் போட்டார்கள். ஆனால் தொடங்கிய பிறகு வேகமாகத்தான் போட்டார்கள், 2021 முடிவதற்குள் நாட்டில் பாதிப் பேருக்கு மேல் இரண்டு ஊசியும் முடிந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் சினோபாம் போட வந்தவர்கள் கதிரையில் பெயர் ஒட்டி, தண்ணீர்ப் போத்தலும் வைத்திருந்தார்கள். செய்ய நினைத்தால் செய்ய முடிகிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பிறகு 2022 வந்தது. டொலர் 200இல் இருந்து 360 ஆனது, கிளினிக் திறந்திருந்தும் மருந்து இல்லை, ‘வெளியில வாங்குங்க’ என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அது வேறு கதை, இன்னொரு கடிதத்தில் எழுதுவேன், இடம் கொடுத்தால்.

இப்போது எனக்கும் பிரஷர். ஓய்வுபெற்ற பிறகு மகளோடு உப்புவெளிக்கு வந்துவிட்டேன். சென்ற மாதம் கிளினிக்குக்குப் போனபோது, விலாசம் மாறிவிட்டது, போன் நம்பரும் மாறிவிட்டது, கொப்பியில் திருத்திவிடுங்கள் என்று கேட்டேன். கவரில் தமிழிலும் எழுதினால் நல்லது என்றும் சொன்னேன். மேசையில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசியது. ‘பரவாயில்லை ஐயா, நீங்கதானே நேரில வாறீங்க, விலாசம் தேவைப்படாது’ என்றது. பின்னால் 60 பேர் வரிசையில் நின்றார்கள். நானும் கொப்பியை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற தபாற்காரன்,
உப்புவெளி, திருகோணமலை.