சாப்பிட்டுட்டே போய் ரத்தம் குடு

ஐயா ராசா,

போன்ல சொன்னா பாதியிலயே அழுதுருவேன், அதான் டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா நீயே சரி பண்ணி படிச்சுக்கோ.

கண்ணு ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தம் எடுத்தாங்கல்ல, சுகர் பாக்கத்தான்னு நெனச்சேன், அதுல ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்னு வந்துருச்சு. ஹெபடைட்டிஸ் பி, ஈரல தாக்குற வைரஸ், ரத்தத்துல இருக்குன்னு அர்த்தமாம். எனக்கு மஞ்சக்காமாலையே வந்ததில்லையே டாக்டர்னு கேட்டேன். அதுதாம்மா இதோட குணம், 20, 30 வருசம் கூட சத்தமில்லாம ஈரல்ல கெடக்கும்னுட்டாரு.

ஒங்க அத்தை வந்தவ என் தட்டையும் டம்ளரையும் தனியா எடுத்து வச்சா பாரு, எனக்கு வந்த கோவம்! தண்ணி, சாப்பாட்டுல பரவுற காமாலை ஏ, ஈ, அது வேற. பி ரத்தத்துல, தாம்பத்தியத்துல பரவுறது. சேந்து சாப்பிட்டா, தொட்டா ஒட்டாது. ரேசர், பல்லு வெளக்குற பிரஷ், நகவெட்டி இதத்தான் தனியா வைக்கணும், காஞ்ச ரத்தத்துல கூட கொறஞ்சது 7 நாள் உயிரோட இருக்குமாம்.

இப்ப சொல்ல வந்த விஷயத்துக்கு வாரேன். பிரசவத்துல தாய்கிட்டேருந்து பிள்ளைக்கும் ஒட்டும். பெரியவங்களுக்கு ஒட்டுனா 100க்கு 5 பேருக்குள்ளதான் நிலையா தங்கும், பொறக்கையில ஒட்டுனா 90 பிள்ளைக்கு தங்கிருமாம். பொறந்து 24 மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டுரணும். நீ பொறந்தது 1995, கவர்மெண்ட் தடுப்பூசில இத நாடு முழுக்க சேத்ததே 2011லதான். ஒனக்கு யாரு போட்டா?

சின்ன மாமா ஞாபகம் இருக்கா? வயித்துல தண்ணி கோத்து, ரத்த வாந்தி எடுத்து போனான், ஊரே குடிச்சு செத்தான்னு சொல்லுச்சு, அவன் பீடி கூட தொட்டதில்ல. ஆச்சிகிட்டேருந்து எங்க ரெண்டு பேருக்குமே வந்துருக்குமோன்னு இப்ப தோணுது, யார்கிட்ட போய் கேக்க. அவனுக்கு கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடுத்துக்கிட்டே இருந்தோம். டாக்டர்கிட்ட அத சொன்னப்ப அவரு சிரிக்கல. இந்த வைரஸ கண்டுபிடிச்சு நோபல் வாங்குன பிளம்பெர்க்கும் சென்னைல தியாகராஜன்னு ஒருத்தரும் சேந்து கீழாநெல்லிய குடுத்துப் பாத்து 100க்கு 59 பேருக்கு போச்சுன்னு 1988ல எழுதுனாங்களாம், அப்புறம் மத்தவங்க செஞ்சு பாத்தப்ப அப்படி வரலியாம். நம்பி நாள கடத்தாதீங்கன்னாரு.

எனக்கு டெனோஃபோவிர் மாத்திரை தினம் 1, கவர்மெண்ட் திட்டத்துல காசு கெடையாது. வேரோட போகாது, அடக்கி வைக்கும். 6 மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன், ஈரல் சுருங்குதா கேன்சர் கட்டி வருதான்னு பாக்க.

ஆபீஸ் செக்கப்ல எல்லாம் நார்மல்னு சொன்னியே, அதுல ஹெச்பிஎஸ்ஏஜி இருந்துச்சான்னு பாரு. எல்எஃப்டி, அதான் ஈரல் வேலை செய்யுதான்னு பாக்குற டெஸ்ட், நார்மலா இருந்தாலும் வைரஸ் இருக்கலாம். பாசிட்டிவ்னா ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பாக்குற வைரல் லோடு, 6 மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட்னு போகும், நெகட்டிவ்னா தடுப்பூசி போடணுமான்னு கேளு.

தை மாசம் கல்யாணத்த வச்சுக்கிட்டு பொண்ணு வீட்டுல சொல்ல வேண்டாம்னு அப்பா நிக்கிறாக. நான் ஒத்துக்க மாட்டேன். ஒனக்கு இருந்தா நீயே அந்தப் புள்ளகிட்ட சொல்லணும். இன்னைக்கு, 1 மாசத்துல, 6 மாசத்துலன்னு 3 ஊசி, அவளுக்கு பாதுகாப்பு ஆயிரும், ஊசி முடியிற வரைக்கும் நீ கவனமா இருக்கணும், அவ்வளவுதான். வேண்டாம்னு போனாலும் போகட்டும்யா, ஒரு பொம்பளப் புள்ளைய மறைச்சு கூட்டிட்டு வந்து வெளக்கேத்த சொல்ல எனக்கு மனசு வராது. நான் தெரியாமத்தான் ஒனக்கு குடுத்துருப்பேன், நீ தெரிஞ்சே குடுக்கக்கூடாது.

தங்கச்சிக்கு நாளைக்கு காலைல எடுக்குறோம். நீயும் நாளைக்கே போ. வெறும் வயித்துல போகணும்னு இல்ல, சாப்பிட்டுட்டே போ.

அம்மா