அஞ்சு காசு வாசனை

ஈசூன், சிங்கப்பூர்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள மாப்ளே,

திட்டுவதை முதலில் திட்டி முடித்துவிடு. உன் கடிதம் தை மாதம் வந்தது, இப்போது ஆவணி முடியப்போகிறது. வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூப் படம் அனுப்பினால் பதில் போட்ட கணக்காகுமா என்று உன் மகனிடம் சொல்லியனுப்பியிருந்தாய். ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். கண்புரை ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். இனி என் கையெழுத்தைத் தாராளமாகக் குறை சொல்லலாம். தங்கச்சியின் மூட்டுவலி தேவலையா? இங்கே எல்லாரும் சௌக்கியம். பேரன் ‘பரவாயில்லை’ என்கிற ஒரே தமிழ்ச்சொல்லை வைத்துக்கொண்டு மொத்தக் குடும்பத்தையும் சமாளிக்கிறான். விசாரிப்பு முடிந்தது.

மாப்ளே, நாம் தின்றது துரை சாப்பாடு இல்லை.

சின்ன வயதில், வெள்ளைக்காரத் துரை பங்களாவுக்குப் பின்னால், வாழையிலையில், கையைச் சுடச்சுட. அதுதான், அதேதான். அறுபது வருஷமாக நாம் ரெண்டு பேரும் ஊரை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம், நம்மை நாமே ஏமாற்றியிருக்கிறோம். எப்படித் தெரிந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலிலிருந்து சொல்கிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. உன் வழக்கம் எனக்குத் தெரியும்.

வேலையிலிருந்து நின்ற பிறகு நான் வீட்டில் செய்கிற ஒரே காரியம் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்து மூடுவது என்று உன் தங்கை பெரியவளிடம் புகார் சொல்லியிருக்கிறாள். அவள் என்னைக் கேட்காமலே சமூக மன்றத்தில் ஒரு சமையல் வகுப்பில் சேர்த்துவிட்டாள். நாலு சனிக்கிழமை, 240 வெள்ளி. முதல் இரண்டு வாரம் ஐலாம், அதாவது ஹைனான் தீவுச் சீனர் சாப்பாடு, அடுத்த இரண்டு வாரம் பெரனக்கன். பதினோரு பேரில் ஆம்பிளை நான் ஒருத்தன். “வெந்நீர் வைக்கத் தெரியுமான்னு கேட்டா என்ன சொல்வீங்க?” என்று உன் தங்கை வாசல்வரை வந்து சிரித்தாள்.

முதல் வகுப்பே வெந்நீர்தான்.

சிக்கன் ரைஸ் என்பது என்ன பெரிய வித்தை, கோழியை அவிப்பதுதானே என்று நாற்பது வருஷமாக உணவங்காடியில் உட்கார்ந்து தின்றவன் நான். சொல்லிக்கொடுத்தவர் எழுபத்தைந்து வயது ஐலாம் கிழவர், தோளில் துண்டு, வாயில் பாதி மலாய் பாதி ஆங்கிலம். அவர் கணக்கில் தண்ணீர் கொதித்துக் குமிழி விட்டால் கோழி கெட்டது. முழுக்கோழியைக் கழுத்தைப் பிடித்து வெந்நீரில் இறக்குகிறார், தூக்கி, வயிற்றுக்குள் புகுந்த தண்ணீரை வடிக்கிறார், மறுபடி இறக்குகிறார். உள்ளும் வெளியும் ஒரே சூடு வரவேண்டுமாம். அப்புறம் அடுப்பைச் செத்துப்போகிற அளவுக்குக் குறைத்து மூடி போட்டு முக்கால் மணி நேரம். வெளியே எடுத்ததும் நேராக ஐஸ் தண்ணீர். சூட்டிலிருந்து குளிருக்குப் போன அதிர்ச்சியில் தோல் இழுத்துக்கொண்டு, தோலுக்கும் சதைக்கும் நடுவில் நுங்கு மாதிரி ஒன்று உறைந்து நிற்கிறது. அதுதான் ருசியாம். வீட்டில் செய்து காட்டினேன். “எலும்போரம் சிவப்பா இருக்கு, இன்னும் உசிரு போகலை” என்று சொல்லி உன் தங்கை தன் பங்கைத் திரும்ப அடுப்பில் வைத்துக் குழம்பாக்கிவிட்டாள். அதை விடு.

விஷயம் சோற்றில் இருக்கிறது. கோழியிலிருந்து பிடுங்கிய மஞ்சள் கொழுப்பை வாணலியில் போட்டு உருக்கினார். அதில் நசுக்கிய பூண்டு, இஞ்சி. தண்ணீர் வடித்த அரிசியை அதில் கொட்டி மணி மணியாக மினுங்கும்வரை பிரட்டினார். பிறகு கோழி வெந்த தண்ணீர், வாசனைக்கு முடிச்சுப் போட்ட பாண்டான் இலை இரண்டு. மூடியைத் திறந்தார் பார், என் வலது கை தானாக என் மூக்குக்குப் போனது. பக்கத்தில் நின்ற பெண்மணி என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். என்னவென்று அவளிடம் சொல்வேன்? துரை சாப்பாட்டு வாசனை, ஒரு முகர்வுக்கு அஞ்சு காசு என்று, தின்ற கையை நீட்டி நின்ற இரண்டு பொடியன்களை அவளுக்கு எப்படித் தெரியும்?

அதே வாசனை மாப்ளே. கோழிக்கொழுப்பு, பூண்டு, பாண்டான். துரை மேசையிலிருந்து மிஞ்சி வருகிறது என்று நாம் நினைத்தது துரை மேசைக்குப் போகவே இல்லை.

கிழவரிடம் எல்லாம் சொன்னேன். வெள்ளைக்காரனின் கடற்படைத் தளமான நேவல் பேஸ், அட்மிரல்டி ரோட்டுக் கறுப்பு வெள்ளை பங்களா, அப்பா தோட்டக்காரர், பின்கட்டில் வெள்ளைப் பனியன் போட்ட சமையல்காரர் குக்கி, “மாக்கான், மாக்கான்” என்று மலாயில் சாப்பிடக் கூப்பிட்டு இலையில் சோறு வைப்பது. அவர் கொஞ்ச நேரம் கரண்டியைத் துடைத்துக்கொண்டே நின்றார். அவர் அப்பாவும் தங்ளினில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் குக்கியாம். “துரைக்குக் கோழி. கொழுப்பும் எலும்பும் குக்கிக்கு. அதில் தன் சோற்றை ஆக்கிக்கொள்வான்” என்றார். அப்படியானால் நமக்குக் கிடைத்தது துரையின் எச்சம் இல்லை, அந்த மனுஷனின் மத்தியானச் சாப்பாடு. அவர் பங்கில் நாம் ரெண்டு பேரும் கை வைத்திருக்கிறோம்.

துரை என்ன தின்றார் என்பதும் இப்போது தெரியும். இரண்டாவது வாரம் அதுதான். கிரீம் கிராக்கர் பிஸ்கட்டைத் தூளாக்கி அதில் புரட்டிப் பொரித்த இறைச்சி, மேலே தக்காளிக் குழம்பும் பச்சைப் பட்டாணியும். மற்றவர்கள் பன்றியில் செய்தார்கள், எனக்குக் கோழியில் செய்யச் சொன்னார். இன்னொன்று, சூப். ‘மல்லிகட்டானி’ என்றார். என்ன எழவோ என்று கேட்டால், நம் மிளகுத்தண்ணி! மெட்ராஸில் இருந்த வெள்ளைக்காரன் வாயில் அந்தப் பேர் அப்படி ஆகி, இங்கே ஐலாம் குக்கி கைக்கு வந்திருக்கிறது. நம் மிளகுத்தண்ணியை ஐலாம்காரர் துரைக்குச் சமைத்துப் போட, ஐலாம்காரர் சோற்றை நாம் துரை சோறு என்று தின்றிருக்கிறோம். சிரிப்பதா அழுவதா?

இவர்கள் ஏன் எல்லாரும் சமையல்காரர்கள் என்று கேட்டேன். ஹைனான் தீவுக்காரர்கள் இந்தப் பக்கம் வந்தது தாமதமாக. அதற்குள் வியாபாரமெல்லாம் ஹொக்கியன், தியோச்சு என்ற மற்றச் சீனக் கூட்டங்கள் கையில். மிச்சமிருந்தது கப்பல் வேலை, வீட்டு வேலை, ஓட்டல் அடுப்படி. ஊர்ப் பெண்கள் வெகுகாலம் கடல் தாண்டி வரவில்லை, ஆண்களே தனியாகப் பொங்கித் தின்ற கூட்டம். ராஃபிள்ஸ் ஓட்டலில் சிங்கப்பூர் ஸ்லிங் கலக்கிய ஞியாம் தோங் பூனும் ஐலாம்தான். போருக்குப் பிறகு துரைமார் குறையக் குறைய, இவர்கள் கோப்பிக்கடை வைத்தார்கள். மிடில் ரோடு, பர்விஸ் ஸ்ட்ரீட், சியா ஸ்ட்ரீட் மூன்றையும் அவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ‘ஹைனான் தெரு’ என்பார்களாம். மிடில் ரோட்டில் சுவீ கீ சிக்கன் ரைஸ் கடைக்கு என் முதல் சம்பளத்தில் போனது ஞாபகம் இருக்கிறது. 1997இல் மூடிவிட்டார்கள். அப்போதும் அந்தச் சோற்றைத் தின்றுதானே இருக்கிறேன், ஏன் மூக்குக்குத் தெரியவில்லை? கொழுப்பு உருகும்போது பக்கத்தில் நின்றதில்லை. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இனிப் பீபிக் கதை. இதைச் சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

பெரனக்கன் வகுப்பெடுத்தது ஒரு நோன்யா, அதாவது பெரனக்கன் அம்மா, எண்பது வயதிருக்கும், கெபாயாச் சட்டை, கொண்டை. எல்லாரும் மரியாதையாக ‘பீபிக்’ என்றார்கள், நானும் சொன்னேன். மலாக்காவில் குடியேறிய சீன வியாபாரிகள் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டதில் தொடங்கிய வம்சம். வீட்டில் மலாய் பேச்சு, சாமி சீனச் சாமி. எவ்வளவு போடணும் என்று எதைக் கேட்டாலும் “அகாக் அகாக்” என்று கையை ஆட்டுகிறாள். உத்தேசமாம். உன் அம்மா உப்புக்குச் சொல்வாளே, “கை சொல்லும்டா” என்று, அதே ஆள், வேறு கொண்டை. கல்லுரலில் ரெம்பா, அதாவது மசாலா, இடிக்க வைத்தாள். அதற்கும் வரிசை உண்டு: லெங்குவாஸ் என்கிற பேரரத்தை, செராய் என்கிற எலுமிச்சைப்புல் முதலில், நார் போகும்வரை, அப்புறம் மஞ்சள், புவா கெராஸ் கொட்டை, மிளகாய், வெங்காயம் கடைசி, முதலில் போட்டால் தண்ணீர் விட்டுக் கல்லில் வழுக்கும். புளித்த இறால் விழுதான பிளாச்சான் சேர்ந்ததும் நாகப்பட்டினம் கருவாட்டுச் சந்தை. அந்தக் காலத்தில் இடிக்கிற சத்தத்தை வாசலில் நின்று கேட்டே பெண்ணை முடிவு செய்வார்களாம். என் சத்தத்தைக் கேட்டுவிட்டு, “உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதல்லவா, தப்பித்தாய்” என்றாள். எண்ணெய் பிரியும்வரை வதக்கு என்பதற்கு அவர்கள் மொழியில் ‘எண்ணெய் உடையணும்’. புளியை நான் கரைத்த விதத்தைப் பார்த்துவிட்டு, “நீ சிட்டியா?” என்று கேட்டாள். மலாக்கா சிட்டிகளைச் சொல்கிறாள். சுல்தான் காலத்தில் வந்து தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வாரிசுகள், வீட்டில் மலாய், நெற்றியில் விபூதி. 1781இல் கட்டிய பிள்ளையார் கோயில் இன்னும் அவர்களுடையது. போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுவார்கள், அதில் பிளாச்சான் சாம்பலும் இருக்கும் என்றாள். தாத்தாவுக்குப் பிளாச்சான் படைக்கிற தமிழன்! பொங்கலுக்கு முன்னால் ஒரு நடை கம்போங் சிட்டி போய்வர நினைத்திருக்கிறேன்.

ஆனால் பீபிக் எனக்குக் கொடுத்த பைத்தியம் வேறு. புவா கெலுவாக். இந்தோனேசியாவிலிருந்து வருகிற கொட்டை, நம் எட்டிக்கொட்டைக்கு அண்ணன். பச்சையாகத் தின்றால் சயனைடு, ஆளைச் சாய்த்துவிடும். அதை வேகவைத்து, சாம்பலும் வாழையிலையும் மண்ணும் போட்டு 40 நாள் புதைத்து வைக்கிறார்கள். கிட்டத்தட்ட சபரிமலைக்கு மாலை போட்ட கணக்கு. விரதம் முடிந்து வெளியே வரும்போது உள்ளே வெள்ளையாக இருந்தது கறுத்து, விஷம் போயிருக்கும். அதோடு தீரவில்லை. வாங்கி வந்து தேய்த்துக் கழுவி, தினம் தண்ணீர் மாற்றி, நாலைந்து நாள் ஊறப்போட வேண்டும். ஓட்டில் பட்டையாக ஒரு பக்கம் இருக்கும், அங்கே தட்டித் திறந்து, உள்ளே இருக்கிற கறுப்பைக் குடைந்தெடுத்து, இறாலும் உப்பும் சர்க்கரையும் சேர்த்து இடித்து, திரும்ப ஓட்டுக்குள்ளேயே அடைத்து, புளிக்குழம்பில் கோழியோடு வேகவிடுவது. இவ்வளவு பாடும் எதற்கு என்றால், சின்னக் கரண்டியால் தோண்டி வாயில் வைத்துப் பார். கருப்பட்டிப் பாகு அடிப்பிடித்தால் ஒரு வாசனை வருமே, அதோடு வறுத்த கோப்பிக்கொட்டை, மழைக்காலத்துக் காளான், பழைய புளிப்பானை. மண்ணின் ருசி என்று சும்மா சொல்வோம், இது நிஜமாகவே மண்ணுக்குள் இருந்து வந்தது. இதைத் தின்னலாம் என்று முதலில் நினைத்தவனுக்கு எவ்வளவு பசி இருந்திருக்க வேண்டும்.

வீட்டில் செய்தேன். ஐந்து நாள் வாளி தாழ்வாரத்தில் இருந்தது, எதிர்வீட்டுக்காரர் கொசு அதிகாரிகள் வருவார்கள் என்று பயமுறுத்தினார். ஆறாம் நாள் இடிக்க ஆரம்பித்த கால் மணியில் கீழ்வீட்டு மலாய்க்கார அம்மா மேலே வந்துவிட்டாள். சண்டைக்குத்தான் வந்தாள். வாசனை பிடித்ததும் குரல் இறங்கி, உரலுக்கு அடியில் கோணிச்சாக்கை மடித்துப் போடு, சத்தம் கேட்காது என்று சொல்லிவிட்டு, ராத்திரி ஒரு கிண்ணமும் வாங்கிக்கொண்டு போனாள். உன் தங்கை, “கருகின கத்தரிக்காய்” என்று தீர்ப்பு எழுதினாள். பிறகு யாரும் பார்க்காதபோது இரண்டாவது கொட்டையை எடுத்தாள். நான் பார்த்தேன்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே வருகிறேன், ஒரு கேள்வி மட்டும் தொண்டையில் நிற்கிறது. அவர் பேர் என்ன மாப்ளே?

குக்கி என்பது வேலை, பேர் இல்லை. நாலு வருஷம் அந்தப் பின்கட்டில் நின்றிருக்கிறோம். அவருடைய பல் இடுக்கில் இருந்த தங்கம் ஞாபகம் இருக்கிறது, கால் விரல் ஒன்று இல்லாதது ஞாபகம் இருக்கிறது. பேர் கேட்கவே இல்லை. வெள்ளைக்காரன் மூட்டை கட்டியபோது உன் அப்பாவுக்குச் சீட்டுக் கொடுத்தார்கள், 1970இல் நீங்கள் ரஜூலா கப்பல் ஏறினீர்கள். என் அப்பா மண்வெட்டியோடு ரோட்டு வேலைக்குப் போனார். அந்தக் குக்கி எங்கே போனார்? கோப்பிக்கடை வைத்தாரா? வகுப்புக் கிழவரிடம் பேர் சொன்னால் சங்கத்தில் விசாரிக்கலாம் என்கிறார். சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அப்பா இருந்தவரை கேட்கத் தோன்றவில்லை. உன் அக்காவுக்கு ஞாபகசக்தி அதிகம், மாயவரத்துக்குப் போன் போட்டுக் கேள். உன் அம்மா அவரிடம் முட்டை வாங்குவாள், ஏதாவது பேர் சொல்லித்தானே கூப்பிட்டிருப்பாள். மறக்காமல் கேள். தள்ளிப்போடாதே, அக்காவுக்கும் எண்பதாகிறது.

இன்னொரு சிக்கல். பங்குனி உத்திரத்தன்று கோயிலில், அன்று நம் கையைக் காசு கொடுத்து மோந்த நெட்டையைப் பார்த்தேன். பேரப்பிள்ளைகளை நிற்கவைத்து, சின்ன வயதில் துரை சாப்பாட்டு வாசனையை மோந்தவன் நான் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான், என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டு. அப்போது எனக்கே தெரியாது, ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். இப்போது சொல்லிவிடுவதா வேண்டாமா? சொன்னால் காசைத் திருப்பிக் கேட்பான், நீ அவனை அறிவாய். என் ஞாபகத்தில் அவன் பங்கு மட்டும் முப்பத்தைந்து காசு. கணக்குப்பிள்ளை நீ. காசு போட்ட மைலோ டின்னோடு கப்பல் ஏறியவனும் நீ.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மாப்ளே